அண்டிரிக் அடிகளார் தேடிய சார்பு வினைப்பாங்கு: ஐபீரிய இலக்கணமும் தமிழ் எச்சமும்

முன்னுரை

பொன்முடி மலைச்சரிவில் ஓடும் கல்லாறு வாமனபுரம் ஆறாகி, அஞ்சுதெங்கை அடுத்த கரையில் கடலோடு கலக்கிறது. இன்றைய திருவனந்தபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த இக்கடற்பகுதியும், இதற்குத் தெற்கே குமரிவரை நீளும் கரையும் பதினாறாம் நூற்றாண்டில் ஐபீரியத் தீபகற்பத்து மொழிகளும் தமிழும் எதிர்ப்பட்ட களங்களுள் அடங்கும். 1544ஆம் ஆண்டின் இறுதியில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரை முக்குவர் ஊர்களில் நடந்து சென்று, ஒரு மாதத்தில் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குத் திருமுழுக்கு அளித்ததாகத் தம் மடலொன்றில் குறித்துள்ளார். இக்கரைக்கு வடக்கே கொல்லத்தில் 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்தில் அச்சேறியது. அதன் முகப்பு அம்மொழியை ‘மலபார் தமிழ்’ எனச் சுட்டுகிறது. போர்த்துக்கீசியர் ‘மலபார்’ என்ற பெயராலேயே தமிழையும் வழங்கினர் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

இந்த எதிர்ப்பாட்டின் வரலாறு பெரும்பாலும் அச்சு வரலாறாகவும் சமய வரலாறாகவும் எழுதப்பட்டுள்ளது. இலக்கண வரலாறாக அதனை நோக்கும் முயற்சிகள் குறைவு. ஸ்பானிய மொழியைப் பயில்வோரைப் பெரிதும் இடர்ப்படுத்துவது, அம்மொழி வினையின் ‘சப்ஜங்டிவ்’ என்னும் பாங்கை எவ்விடத்து ஆளவேண்டும் என்ற வினாவாகும். இப்பாங்கினை இக்கட்டுரை ‘சார்பு வினைப்பாங்கு’ எனக் குறிக்கிறது. இதே வினா ஏறத்தாழ 475 ஆண்டுகளுக்கு முன்னர்த் தலைகீழாக எழுந்தது. ஐபீரிய இலக்கணம் பயின்ற ஒருவர் தமிழில் இப்பாங்கு எங்குள்ளது எனத் தேடினார். அத்தேடலில் அவர் எதிர்கொண்ட இடர்ப்பாட்டின் காரணத்தை ஆராய்ந்து, அதன்வழித் தமிழ் எச்சத்தின் இயல்பையும் ஸ்பானியச் சார்பு வினைப்பாங்கின் இயல்பையும் ஒருங்கே தெளிவுபடுத்த இக்கட்டுரை முற்படுகிறது.

ஐந்து பாங்குகளின் மரபு

வினை குறிக்கும் நிகழ்ச்சியைப் பேசுவோன் எந்நிலையில் வைத்துக் கூறுகிறான் என்பதைக் காட்டும் வடிவ வேறுபாட்டை மேலை இலக்கணிகள் வினைப்பாங்கு என்றனர். இலத்தீன் இலக்கண ஆசிரியர் பிரிசியனின் மரபில் இவை ஐந்து: உள்ளதை எடுத்துரைப்பது, ஏவுவது, விழைவது, சார்ந்து வருவது, வரையறை பெறாதது. ‘சார்ந்து வருவது’ என்பதற்குரிய இலத்தீன் சொல், கீழே சேர்க்கப்பட்டது என்னும் பொருளது. அது அதே பொருளுடைய கிரேக்கச் சொல்லின் மொழிபெயர்ப்பாகும். எனவே இப்பாங்கு, ஐயம், விருப்பம் என்னும் பொருள்களால் அன்றி, மற்றொரு வினையைச் சார்ந்து நிற்கும் தொடரியல் நிலையாலேயே முதலில் பெயர் பெற்றது எனலாம்.

1492இல் அந்தோனியோ தெ நெப்ரிகா ஸ்பானிய மொழிக்கு இலக்கணம் வகுத்தபோது இவ்வைந்தையும் அவ்வாறே ஏற்றார். 1540இல் சுவான் தெ பாரோசு போர்த்துக்கீசிய இலக்கணம் எழுதியபோதும் இலத்தீன் மரபே வழிகாட்டியது. ஆயினும் ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் விழைவுக்கெனத் தனி வடிவம் இல்லை. சார்பு வடிவமே விழைவுக்கும் பயன்படுகிறது. ஒரு வடிவத்துக்கு இரு பெயர் இடும் இம்மரபு, ஐபீரிய மொழிகளே இலத்தீனின் அளவுகோலால் அளக்கப்பட்டன என்பதைக் காட்டுகிறது. தமிழும் அதே அளவுகோலால் அளக்கப்படவிருந்தது.

வேம்பாற்று மடல்

சவேரியார் முறையாகத் தமிழிலக்கணம் கற்றவர் அல்லர். கொச்சியிலிருந்து 1544 சனவரி 15ஆம் நாள் எழுதிய மடலில், இம்மக்களின் தாய்மொழி மலபார், தம் தாய்மொழியோ பாஸ்கு என்றும், ஆதலால் இரு மொழியும் அறிந்தோரைத் திரட்டி இறைவேண்டல்களை மொழிபெயர்க்கச் செய்ததாகவும் அவர் தெரிவிக்கிறார். மொழிபெயர்த்தவற்றை மனப்பாடம் செய்து ஊரூராகச் சென்று கற்பித்தார். இறைவேண்டல் என்பது விழைவுத் தொடர்களால் அமைவது. ஸ்பானியத்தில் அவ்விடங்களில் வரும் ‘வேங்கா’ போன்ற சொற்கள் சார்பு வினைப்பாங்கின. தமிழில் அதற்கு இயல்பாக அமைவது ‘வருக’ என்னும் வியங்கோள். ஆக, இக்கரையில் ஐபீரியச் சார்பு வினைப்பாங்கு தமிழை முதலில் எதிர்கொண்ட இடங்களுள் ஒன்று இலக்கண நூலன்று. வழிபாட்டு மொழியே எனக் கருதலாம்.

இலக்கணத் தேடல் என்றிக்கே என்றிக்கசு அடிகளாரோடு தொடங்குகிறது. தமிழுலகம் இவரை அண்டிரிக் அடிகளார் என அறியும். போர்த்துக்கல்லின் விலா விசோசாவில் 1520இல் பிறந்த இவர், 1546இல் இந்தியா வந்தார். முத்துக்குளித்துறையில் நெடுங்காலம் பணியாற்றி 1600இல் புன்னைக்காயலில் மறைந்தார். 1548 அக்டோபர் 31ஆம் நாள் வேம்பாற்றிலிருந்து இக்னேசியு லொயோலாவுக்கு இவர் எழுதிய மடல் தமிழிலக்கண வரலாற்றில் தனியிடம் பெறத்தக்கது. இலத்தீன் கற்கும்போது வினைத்திரிபுகளைக் கற்பதுபோலத் தமிழ் வினைகளைத் திரித்துப் பார்த்ததாகவும், இறந்தகாலம், எதிர்காலம், வரையறை பெறாப் பாங்கு, சார்பு வினைப்பாங்கு ஆகியவற்றைக் கண்டறியத் தமக்குப் பேருழைப்பு வேண்டியிருந்ததாகவும் அதில் கூறுகிறார். வேற்றுமைகளையும் சொற்கள் வரும் வரிசைமுறையையும் அறிய அவ்வாறே உழைத்ததாகவும் குறிக்கிறார்.

அவ்வுழைப்பின் விளைவாக ‘மலபார் மொழியின் கலை’ என்னும் பொருள்படும் தலைப்புடைய இலக்கணம் போர்த்துக்கீசிய மொழியில் உருவாயிற்று. இந்நூலை எளிதிற் பயன்படுத்த இலத்தீன் இலக்கண அறிவு தேவை என்றும், அஃதில்லாதோர் பாரோசின் போர்த்துக்கீசிய இலக்கணத்தைப் படிக்கலாம் என்றும் அதன் தொடக்கத்தில் அடிகளார் அறிவுறுத்துகிறார். தம் அளவுகோல் எது என்பதை அவரே வெளிப்படையாகக் கூறிவிடுகிறார் என்பது கருதத்தக்கது. அவர் காலத்தில் அச்சேறாத இக்கையெழுத்துப்படி லிசுபன் தேசிய நூலகத்தில் உள்ளது. 1982இல் ஹன்ஸ் ஃபெர்மேயர் ஹைடல்பர்க்கில் இதனைப் பதிப்பித்தார். 2013இல் ஜீன் ஹைன், வி. எஸ். ராஜம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் ஆய்வும் ஹார்வர்டு கீழ்த்திசை நூல்வரிசையில் வெளிவந்தன.

திரியாத வினை

சார்பு வினைப்பாங்கைக் கண்டறிய ஏன் பேருழைப்பு வேண்டியிருந்தது? அடிகளாரின் மடல் காரணத்தை விரிக்கவில்லை. இருமொழி அமைப்புகளையும் ஒப்பிட்டால் காரணம் புலனாகிறது.

ஐபீரிய மொழிகளில் சார்பு வினைப்பாங்கு தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடத்தும், ஒருமை, பன்மை என்னும் ஈரெண்ணிலும் திரியும். ஸ்பானியத்தில் ‘நீ வர’ என்னும் இடத்தில் ‘வேங்காஸ்’ என்றும், ‘நாங்கள் வர’ என்னும் இடத்தில் ‘வேங்காமோஸ்’ என்றும் வரும். இலத்தீன் வாய்பாட்டை மனத்திற் கொண்டவர், பிற மொழியிலும் இத்தகைய வரிசையொன்றை எதிர்பார்ப்பது இயல்பு. ‘வந்தேன், வந்தாய், வந்தான்’ என்னும் முற்றுவினை வரிசை அவ்வெதிர்பார்ப்பை நிறைவு செய்கிறது. ஆனால் சார்பு நிலையை அடைந்ததும் தமிழ் வினை இடம், பால், எண் ஆகிய அனைத்தையும் துறந்துவிடுகிறது. ‘நான் வந்தால், நீ வந்தால், அவர்கள் வந்தால்’ என எல்லா இடத்தும் ஒரே வடிவமே நிற்கிறது. வாய்பாட்டின் கட்டங்கள் அனைத்திலும் ஒரே சொல் வருமாயின், அதனை வாய்பாடாகக் கொள்வதா, இடைச்சொல் சேர்ந்த ஒரு தொடராகக் கொள்வதா என்ற ஐயம் எழுவது உறுதி.

காலத்திலும் இடர்ப்பாடு உண்டு. ‘வந்தால்’ என்பது இறந்தகால அடியின்மேல் ‘ஆல்’ ஏற்று அமைவது. பொருளோ பெரும்பாலும் எதிர்காலம். போர்த்துக்கீசியத்தில் இதற்கு நேரான எதிர்காலச் சார்பு வடிவம் இன்றும் வழக்கிலுள்ளது. ‘அவன் வந்தால்’ என்பதற்கு ‘ஸே வியேர்’ என்பர். நிகழ வாய்ப்பற்றதாகக் கருதி, ‘வந்தால் நன்றாயிருக்கும்’ என்று கூறுமிடத்து அம்மொழி வேறொரு வடிவத்தை ஆளும். தமிழின் ‘வந்தால்’ இவ்விரண்டையும் ஏற்கும். ஒரு தமிழ் வடிவத்திற்குப் பல ஐபீரிய வடிவங்களும், ஓர் ஐபீரிய வடிவத்திற்குப் பல தமிழ் வடிவங்களும் அமைகின்ற நிலையில், ஒன்றுக்கு ஒன்று எனப் பொருத்தும் முயற்சி கடினமாக இருந்ததில் வியப்பில்லை.

தமிழ் மரபின் பகுப்பு

இதே வடிவங்களைத் தமிழிலக்கண மரபு முற்றிலும் வேறாகப் பகுத்துள்ளது. அம்மரபின் அடிப்படைப் பிரிவு முற்று, எச்சம் என்பதாகும். தொல்காப்பிய வினையியல் ‘செய்து’ முதலிய ஒன்பது வினையெச்ச வாய்பாடுகளைக் கூறுகிறது. நன்னூல் அவற்றைப் பன்னிரண்டாக விரிக்கிறது. இவற்றுள் ‘செயின்’ என்பது நிபந்தனைக்கும், ‘செய’ என்பது காரணம், காரியம், உடனிகழ்ச்சி ஆகியவற்றுக்கும், ‘செய்யிய, செய்யியர்’ என்பன நோக்கத்துக்கும் உரியன. விழைவு எச்சத்தில் அடங்காது. அது முற்றாகிய வியங்கோளின்பாற்படும். வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்னும் பொருள்களில் அது வரும்.

வியங்கோள் பற்றி இரு நூல்களும் வேறுபடுகின்றன. தொல்காப்பியம் தன்மையிலும் முன்னிலையிலும் வியங்கோள் நிலைபெறாது என்கிறது. நன்னூலோ அது எல்லா இடத்தும் பாலும் பொதுவாய் வரும் என்கிறது. ‘நான் வாழ்க, நீ வாழ்க, அவர் வாழ்க’ என வடிவம் மாறாது நிற்பதையே நன்னூல் இலக்கணமாக்கிக்கொண்டது. ஐபீரிய இலக்கணி இடர்ப்பட்ட ‘திரியாமை’ தமிழிலக்கணிக்கு அவ்வடிவத்தின் வரையறையாகவே அமைந்துவிடுகிறது.

பெயரீட்டிலும் ஓர் ஒற்றுமை காணத்தக்கது. கீழே சேர்க்கப்பட்டது என்பது இலத்தீன் பெயர்; எஞ்சி நிற்பது என்பது தமிழ்ப் பெயர். இரண்டுமே பொருளால் அன்றித் தொடரில் நிற்கும் நிலையால் ஏற்பட்டவை. தானே முற்றுப்பெறாது மற்றொரு வினையை வேண்டி நிற்பதை இரு மரபினரும் உணர்ந்தனர். ஐபீரிய மொழி அவ்வுணர்வைத் திரியும் வடிவமாக வெளிப்படுத்தியது. தமிழ் அதனைத் திரிபை நீக்குவதால் வெளிப்படுத்தியது.

பின்வந்த இலக்கணங்கள்

அடிகளாருக்குப் பின்னர் இலத்தீன் அளவுகோல் நெடுங்காலம் நிலைத்தது. சீகன்பால்கின் தமிழிலக்கணம் 1716இல் ஹாலே நகரில் இலத்தீன் மொழியில் வெளிவந்தது. வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணமும் இலத்தீனிலேயே 1728இல் எழுதப்பட்டு, 1738இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. ஐரோப்பிய மாணவருக்கு வழக்குத் தமிழைக் கற்பிப்பது அதன் நோக்கம். அதே முனிவர் 1730இல் தொன்னூல் விளக்கத்தைத் தமிழில் இயற்றியபோது எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கண நெறியையே பின்பற்றினார். கற்போர் யார் என்பதற்கேற்ப அளவுகோலை மாற்றிக்கொள்ளும் தெளிவு இதில் புலப்படுகிறது. ஓர் இலக்கண வகைப்பாடு மொழியின் இயல்பு மட்டுமன்று; கற்பிக்கும் வழியுமாகும் என்பதற்கு வீரமாமுனிவரின் இவ்விரு நூல்களும் சான்றாகும்.

1856இல் கால்டுவெல் திராவிட மொழிகளின் தனியியல்புகளைத் தொகுத்தபோது, இணைப்புச் சொற்களுக்கு மாறாக வினையெச்சங்களையும், சுட்டி இணைக்கும் பெயர்களுக்கு மாறாகப் பெயரெச்சங்களையும் இம்மொழிகள் ஆள்வதை எடுத்துக்காட்டினார். சார்பு வினைப்பாங்கின் வரலாற்றில் இக்கருத்து முதன்மையானது. ஸ்பானியத்தில் இப்பாங்கு பெரும்பாலும் ‘கே’ என்னும் இணைப்புச் சொல்லை அடுத்தே வருகிறது. அத்தகைய இணைப்புச் சொல்லை வேண்டாத மொழியில், இணைப்பும் பாங்கும் எச்ச வடிவத்தினுள்ளேயே அடங்கிவிடுகின்றன. எனவே ‘தமிழில் சார்பு வினைப்பாங்கு இல்லை’ என்னும் கூற்று வடிவளவில் உண்மையாயினும், அதனைக் குறைபாடாகக் கொள்வது பொருந்தாது. அப்பாங்கின் பணிகள் தமிழில் பல வடிவங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன என்பதே பொருந்தும்.

ஸ்பானியத்தைத் தமிழ்வழி அறிதல்

இவ்வரலாறு இன்று ஸ்பானியம் பயிலும் தமிழருக்கும் பயன்படுவதாகும். ஆங்கிலத்தில் சார்பு வினைப்பாங்கு பெரிதும் தேய்ந்துவிட்டது. ஆதலின் ஆங்கிலவழிப் பாடங்கள் நீண்ட பட்டியல்களை மனப்பாடம் செய்யுமாறு பணிக்கின்றன. தமிழ்வழி நோக்கின் அப்பட்டியலின் பெரும்பகுதி ஒரே நெறியில் அடங்கும். சார்ந்து வரும் நிகழ்ச்சியைப் பேசுவோன் உள்ளதாக எடுத்துரைப்பின் ஸ்பானியம் எடுத்துரைப்புப் பாங்கை ஆளும். எடுத்துரையாது, விரும்பியோ, எதிர்பார்த்தோ, மறுத்தோ, மதிப்பிட்டோ கூறின் சார்பு வினைப்பாங்கை ஆளும். தமிழில் முன்னதற்குப் பெரும்பாலும் இடம் காட்டும் முற்றுவினையும் ‘என்று’ என்பதும் வரும். பின்னதற்கு அம்முற்று தன் இடம்காட்டும் விகுதியை இழக்கும்.

‘அவன் வருகிறான் என்று நினைக்கிறேன்’ என்பதில் முற்று நிலைபெற்றுள்ளது. ஸ்பானியத்தில் ‘கிரேயோ கே வியேனே’ என எடுத்துரைப்புப் பாங்கு. ‘நீ வரவேண்டும் என்று விரும்புகிறேன்’ என்பதில் வருதல் ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சமாயிற்று. ஸ்பானியத்தில் ‘கியேரோ கே வேங்காஸ்’ எனச் சார்பு வினைப்பாங்கு. விரும்புவோனும் வருவோனும் ஒருவனேயாயின் ‘வர விரும்புகிறேன்’ எனத் தமிழ் சுருங்கும். ஸ்பானியமும் அவ்விடத்து வரையறை பெறாப் பாங்கையே ஆளும். ‘நீ வருவது மகிழ்ச்சி தருகிறது’ என்பதில் வருதல் உண்மை நிகழ்ச்சியே. ஆயினும் பேசுவோன் அதனை எடுத்துரைக்கவில்லை. தெரிந்ததாகக் கொண்டு மதிப்பிடுகிறான். தமிழில் தொழிற்பெயரும் ஸ்பானியத்தில் சார்பு வினைப்பாங்கும் வருகின்றன. இப்பாங்கு ஐயத்தின் அடையாளம் மட்டுமே என்று கருதுவோர் பிழைபடும் இடம் இதுவாகும்.

‘விவா’ என்னும் ஸ்பானிய வாழ்த்து ‘வாழ்க’ என்பதற்கு நேரானது. ‘ஓகலா’ என்னும் விழைவுச் சொல், இறைவன் விரும்பின் என்னும் பொருளுடைய அரபுத் தொடரிலிருந்து ஸ்பானியத்தில் நிலைத்தது. அதனையும் சார்பு வினைப்பாங்கே தொடரும். ‘மழை பெய்தாலும் செல்வோம்’ என்பதற்கும் ‘மழை பெய்கின்றபோதிலும் செல்வோம்’ என்பதற்கும் தமிழ் காட்டும் வேறுபாட்டை ஸ்பானியம் ‘அவுன்கே’ என்னும் சொல்லை அடுத்து ‘யுவேவா’, ‘யுவேவே’ என்னும் வடிவங்களால் காட்டுகிறது. முன்னதில் மழை எடுத்துரைக்கப்படவில்லை, பின்னதில் எடுத்துரைக்கப்படுகிறது.

இந்நெறி எல்லா இடத்தும் செல்லாது என்பதையும் கூறவேண்டும். முதலாவது, மறுக்கப்பட்ட கருத்து. ‘அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை’ எனத் தமிழ் முற்றை விடாது நிற்கும். ஸ்பானியமோ ‘வேங்கா’ எனச் சார்பு வடிவத்துக்கு மாறிவிடும். இரண்டாவது, காலத்தொடர். ‘அவன் வரும்போது’ என்பது வழக்கமான வருகைக்கும் இனி நிகழவிருக்கும் வருகைக்கும் பொதுவாகும். ஸ்பானியம் வழக்கத்திற்குக் ‘குவாந்தோ வியேனே’ என்றும், இனி வரவிருப்பதற்குக் ‘குவாந்தோ வேங்கா’ என்றும் பிரிக்கும். மூன்றாவது, பெயரெச்சம். ‘தமிழ் தெரிந்த ஆசிரியரைத் தேடுகிறேன்’ என்பதில் அறிந்த ஒருவரைத் தேடுவதும், அத்தகையோர் எவரேனும் கிடைப்பாரா எனத் தேடுவதும் அடங்கும். ஸ்பானியம் முன்னதற்குச் ‘சாபே’ என்றும் பின்னதற்குச் ‘சேபா’ என்றும் வடிவத்தை மாற்றும். நான்காவது, நிபந்தனை. தமிழின் ‘வந்தால்’ எச்சமாயினும், நிகழக்கூடியதைக் கூறும்போது ஸ்பானியம் ‘ஸி வியேனே’ என எடுத்துரைப்புப் பாங்கையே ஆளும். நிகழாததாகக் கருதும்போது மட்டும் ‘ஸி வினியேரா’ என இறந்தகாலச் சார்பு வடிவத்தை ஆளும். போர்த்துக்கீசியத்தில் வாழும் எதிர்காலச் சார்பு வடிவம் ஸ்பானியத்தில் சட்ட நடையளவில் ஒதுங்கிவிட்டமை இவ்வேறுபாட்டுடன் தொடர்புடையது.

இந்நான்கு இடங்களும் தமிழ் வடிவம் ஒன்றாய் நிற்க ஸ்பானியம் பிரிக்கும் இடங்கள், அல்லது இரு மொழிகளின் எல்லைகள் பொருந்தாத இடங்கள். தமிழ் மாணவர் தனியே முயன்று பயில வேண்டியவை இவையே. எஞ்சியவற்றைத் தம் மொழியறிவு கொண்டே உய்த்துணரலாம்.

முடிவுரை

அண்டிரிக் அடிகளார் இலத்தீன் வாய்பாட்டைக் கொண்டு தமிழை அளந்தார் என்பது உண்மை. ஆனால் அளவுகோல் பொருந்தாத இடத்தை மறைக்காமல், அது தமக்குப் பேருழைப்பாக இருந்தது என்று பதிவு செய்தார். அப்பதிவே இன்று நமக்குச் சான்றாகிறது. ஒரு மொழியின் வகைப்பாட்டைப் பிறிதொரு மொழியில் தேடும்போது கிடைக்காமற்போவது, தேடப்பட்ட மொழியின் குறையைக் காட்டுவதில்லை. அப்பணியை அம்மொழி எவ்வுறுப்புகளால் ஆற்றுகிறது என்பதை ஆராயத் தூண்டுகிறது.

மேலை இலக்கணங்களை அயலாரின் பிழைபட்ட முயற்சிகள் என ஒதுக்குவதும், அவற்றையே தமிழின் முதல் அறிவியல் இலக்கணங்கள் எனப் போற்றுவதும் ஒருபுடைப் பார்வைகளாகும். 1971இல் திராவிட மொழியியல் கழகம் திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட காலந்தொட்டு, திராவிட மொழிகளை ஒப்பிட்டு ஆராயும் மரபு இம்மண்ணில் வேரூன்றியுள்ளது. அம்மரபு ஐபீரிய மொழிகளையும் தழுவி விரிவடைதல் வேண்டும். ‘மலபார் மொழியின் கலை’ முழுமையாகத் தமிழில் பெயர்க்கப்பட்டு, அதன் வினைவாய்பாடுகள் தொல்காப்பிய, நன்னூல் வாய்பாடுகளோடு நிரல்பட வைத்து ஆராயப்படுதல் அதற்கு முதற்படியாகும். அண்டிரிக் அடிகளார் இலத்தீன்வழித் தமிழ் கற்றார். தமிழ்வழி ஸ்பானியமும் போர்த்துக்கீசியமும் கற்பிக்கும் இலக்கணமொன்றைத் தமிழாய்வாளர் படைப்பது, அவர் தொடங்கிய பணியை மறுமுனையிலிருந்து நிறைவு செய்வதாக அமையும்.